சார்ஜ் தீர்ந்து மலையிலேயே நின்றுவிடுவோமோ? மிட்ரண்ட் வாசகிக்கு மனநல ஆலோசகரின் பதில்

ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ரண்டில் வசிக்கும் 46 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் அவர் குரலிலேயே தருகிறேன்.

“2009-இல் காரைக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள் டர்பனில், வெஸ்ட்வில் பக்கம் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சென்ற ஆண்டு எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். 60 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜில் 420 கி.மீ. ஓடும் என்றார் விற்றவர்.

ஜூன் மாதம் டர்பன் போனபோது ஹாரிஸ்மித்தில் 90 சதவீதத்தோடு கிளம்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சேர்ந்தபோது 23 சதவீதம் மிச்சம் இருந்தது. திரும்பும்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து அதே 90-இல்தான் கிளம்பினோம். வான் ரீனென்ஸ் ஏற்றத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரை காட்டும் கிலோமீட்டர் எண் மூன்று மூன்றாகக் குறைந்தது. மேலே ஏறியபோது 16 சதவீதம். இருட்டிவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின, மூச்சு முட்டியது. ‘வண்டியை நிறுத்துங்க’ என்று கத்தினேன். ‘இங்கே நிறுத்தினால்தான் ஆபத்து, பேசாம இரு’ என்று அவரும் கத்தினார். ஹாரிஸ்மித் வந்தபோது 5 சதவீதம். அங்கே இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்றின் திரை கறுத்துக் கிடந்தது. மற்றதில் வேறொரு கார் நின்றது. குளிரில் 50 நிமிடம் காத்திருந்தோம்.

அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவே பிடிக்கவில்லை. ஆடி வெள்ளிக்குப் பிரிட்டோரியாவில் உள்ள மராபஸ்டாட் மாரியம்மன் கோயிலுக்குப் போகக் கிளம்பி, 70 சதவீதம்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டேன். வேலைக்கு ஒரு தோழியின் காரில் போகிறேன். மகளைப் பார்க்க இரண்டு முறை அவர் மட்டும் போனார். அவர் போகும்போது அரைமணிக்கொரு தடவை சார்ஜ் எவ்வளவு என்று கேட்டு, அதை மகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ‘உனக்குப் பைத்தியமா’ என்கிறார் அவர். பேட்டரி கெட்டுவிட்டதா? காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இல்லை, எனக்குத்தான் ஏதாவது நோயா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. வான் ரீனென்ஸ் ஏற்றத்தில் உங்களுக்கு வந்தது பதற்றத் தாக்கு. அது வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. அதற்குப் பிறகு இந்த மாதங்களில் நடந்துகொண்டிருப்பது வேறு விஷயம். அதற்கு வைத்தியம் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

‘பயப்பட ஒன்றுமே இல்லை’ என்று நான் சொல்லப்போவதில்லை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் என்-3 சாலையில் இருட்டியபின் நின்றுபோவதை நினைத்துப் பயப்படுகிறவரிடம் அப்படிச் சொல்வது, அவருக்குத் தெரிந்ததை இல்லை என்று சாதிப்பது போலாகும். 2021 ஜூலையில் மூய் ரிவர் பக்கம் லாரிகள் எரிந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2023 ஜூலையில் நீங்கள் ஏறிய அதே வான் ரீனென்ஸ் கணவாயில் லாரிகளை மறித்துக் கொளுத்தினார்கள். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டிச் சாலை அடைபட்டு, ஏராளமான குடும்பங்கள் இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தன. இந்த நாட்டில் இத்தனை வருடம் வாழ்ந்த ஒருவருக்கு ‘நடுவழியில் நிற்பது’ என்பதன் பொருள், அமைதியான வேறொரு ஊரில் கார் ஓட்டுகிறவருக்கு இருக்கும் பொருளைவிடக் கனமானது. உங்கள் உடம்பு அதை அறிந்துதான் எச்சரித்தது.

ஆனால் ஒன்று. அன்று மாலை உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது பேட்டரியின் கோளாறோ கெட்ட நேரமோ இல்லை என்பது என் கணிப்பு. போடாமல் விட்ட ஒரு கணக்குதான் காரணம். நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவர். அதனால் எண்களோடேயே சொல்கிறேன்.

அந்த 18 சதவீதம் எங்கே போனது?

போகும்போது 23 மிச்சம், வரும்போது 5 மிச்சம். அதே சாலை, அதே 220 கி.மீ., அதே 90 சதவீதம். வித்தியாசம் 18 சதவீதம். 60 யூனிட் பேட்டரியில் அது ஏறக்குறைய 11 யூனிட். இதைப் பார்த்துத்தான் ‘பேட்டரி கெட்டுவிட்டது’ என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வான் ரீனென்ஸின் உச்சி 1,680 மீட்டர். இடையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து உங்கள் கார் இரண்டு டன் வரும். இரண்டு டன்னை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க சுமார் ஐந்தரை யூனிட் வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் ஆறு. இறங்கும்போது அதே மலை ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். அந்த வகையில் உங்களுக்கு நான்கு யூனிட் போலத் திரும்பக் கிடைத்திருக்கும். ஏற்றத்துக்குக் கொடுத்த ஆறும் இறக்கத்தில் வாங்கிய நான்கும் சேர்ந்தால் வித்தியாசம் பத்து. ஜூன் மாதக் குளிரில் ஹீட்டர் தின்றது மீதி. கணக்கு நேராகிவிட்டது. பேட்டரி யாரையும் ஏமாற்றவில்லை. மனத்துக்குச் சமாதானம் வேண்டுமென்றால் அடுத்த சர்வீஸில் பேட்டரியின் ஆரோக்கிய அளவைச் சோதித்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கிறோம் என்று சொல்லி. உங்கள் உத்தரவாதப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது, மூன்று மூன்றாகக் குறைந்த அந்தக் கிலோமீட்டர் எண். உங்களை உடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். திரையில் வரும் ‘இன்னும் இத்தனை கி.மீ.’ என்பது முக்கியமாகச் சற்றுமுன் நீங்கள் ஓட்டியதை வைத்துக் கார் போடும் ஊகம். முன்னால் மலை இருப்பது பல கார்களுக்குத் தெரியாது. சமதரையில் ஓடிவிட்டு ஏற்றத்தில் நுழையும்போது அது அதிகமாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஏறத் தொடங்கியதும் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று மடங்கு மின்சாரம் போகும். எண் சரசரவென்று சரியும். உச்சியைத் தாண்டி ஹாரிஸ்மித் வரை பெரிய ஏற்றம் கிடையாது. 16 சதவீதம் என்றால் சுமார் பத்து யூனிட். மீதி இருந்த 35 கி.மீ.க்கு ஏழு யூனிட் போதும். அதாவது உங்கள் நெஞ்சு உச்சத்தில் அடித்துக்கொண்ட அந்த நிமிடத்தில், கஷ்டமான பகுதி முடிந்துவிட்டிருந்தது. அதை உங்களிடம் சொல்ல அந்தக் காரில் யாரும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் கணவர் மணிக்கு 120-இல் ஓட்டியதாக வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காற்றின் தடை வேகத்தோடு மிகக் கூடுதலாக ஏறும். 100-இல் இருப்பதைவிட 120-இல் அது 44 சதவீதம் அதிகம். 220 கி.மீ. தூரத்தை 100-இல் ஓட்டியிருந்தால் 22 நிமிடம் தாமதமாகியிருக்கும். ஏழெட்டு யூனிட் மிச்சமாகியிருக்கும். ஹாரிஸ்மித்தில் 5 சதவீதத்துக்குப் பதில் 17, 18 சதவீதம் காட்டியிருக்கும். இதை அவர்மேல் குற்றமாக வைக்க வேண்டாம். பெட்ரோல் காரில் இருபது வருடம் ஓட்டியவருக்கு இந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பெட்ரோல் காரிலும் ஏற்றத்துக்கும் வேகத்துக்கும் எரிபொருள் கூடுதலாகத்தான் போனது. பங்க் அருகிலேயே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் உடம்பில் நடந்தது

விரல் மரத்துப்போனதும் மூச்சு முட்டியதும் இதய நோய் என்று நீங்கள் பயந்திருக்கலாம். பயத்தில் மூச்சை வேகவேகமாக இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. பதற்றத் தாக்கு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். உங்களுக்கும் ஹாரிஸ்மித்தில் காத்திருந்தபோது இறங்கியிருக்கிறது. ‘குளிரில் நடுங்கினேன், ஆனால் அழுகை நின்றுவிட்டது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒருமுறை மட்டும் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். 46 வயதில் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கு முந்தைய ஹார்மோன் மாற்றம் என்று படபடப்பைக் கூட்டும் காரணங்கள் சில உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு இசிஜியும் எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

அன்றைய பயத்தைவிட எனக்குக் கவலை தருவது, அதற்குப் பிறகு அது பரவிய விதம்தான். முதலில் என்-3. அப்புறம் பிரிட்டோரியா. இப்போது அலுவலகம். மராபஸ்டாட் கோயில் உங்கள் வீட்டிலிருந்து போய்வர 70 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 14 யூனிட் வேண்டும். உங்கள் காரில் 42 யூனிட் இருந்தது. மூன்று தடவை போய்வரலாம். கணக்குத் தெரிந்த நீங்கள் இதைப் போடாமல் வீட்டுக்குள் திரும்பிப் போனீர்கள் என்றால், அந்த நேரத்தில் முடிவெடுத்தது கணக்கில்லை. கதவைச் சாத்தி உள்ளே போனதும் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதிதான் சிக்கல். ‘போகாததால் தப்பித்தோம்’ என்று மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, 80 சதவீதத்திலேயே மணி அடிக்கும்.

அரைமணிக்கொரு தடவை சார்ஜ் கேட்பதும் அப்படித்தான். ஒவ்வொரு பதிலும் கொஞ்ச நேரம் ஆறுதல் தரும். ஆறுதல் தீர்ந்ததும் மறுபடி கேட்கத் தோன்றும். கூடவே, டர்பனில் படிக்கிற பிள்ளைக்கும் அந்தப் பயத்தைப் பார்சல் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் எனக்குத் தோன்றும் இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வந்தது 2009-இல். அதற்கு முன்பே தொடங்கிவிட்ட லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டை முழுக்க அனுபவித்த தலைமுறை நாம். 2023-இல் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இருக்கும் என்று பார்த்துத்தான் சோறு வைத்தோம். போன், டார்ச், இன்வெர்ட்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம் எப்போதும் முழுதாக இருக்க வேண்டும். பாதி என்றாலே கை பதறும். 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. கையின் பழக்கம் இன்னும் மாறவில்லை. எலெக்ட்ரிக் காருக்கோ 20-க்கும் 80-க்கும் இடையில் இருப்பதே இயல்பு. வேகச் சார்ஜரில் 80-ஐத் தாண்டினால் மின்சாரம் ஏறுவதும் மந்தமாகிவிடும். என்னிடம் வருகிறவர்களில் சிலர் 50 சதவீதத்தைப் பார்த்து ‘பாதி போச்சே’ என்கிறார்கள். அவர்கள் முகத்தில் நான் பார்ப்பது அந்த லோட்ஷெடிங் காலத்து முகம்.

விற்றவர் சொன்ன 420

காரைத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பலாம், பழுதுபார்க்கச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைக் கேட்கலாம். நீங்கள் சென்ற ஆண்டே வாங்கியதால் அந்த ஆறு மாதம் முடிந்திருக்கும். பொய்யான தகவல் சொல்லி விற்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. ஆனால் 420 என்பது ஆய்வுக்கூடத்தில் டபிள்யூஎல்டிபி முறைப்படி அளந்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 47 கி.மீ.கூட இல்லை. மலையும் கிடையாது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு 420 கிடைக்கலாம். என்-3-இல் 120-இல் ஓட்டுகிறவருக்கு 300 வந்தால் அதுவே சரி. விற்றவர் இதை விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது அவர் தவறு. ஆனாலும் ஒருவர் விளக்காமல் விட்டதை வைத்து வழக்கில் ஜெயிப்பது கடினம். பேட்டரிச் சோதனையில் உண்மையான குறை தெரிந்தால் மட்டும் உத்தரவாதத்தைக் காட்டிக் கேளுங்கள். அப்போது மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். பயத்துக்காகக் காரை விற்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. பெட்ரோல் காரோடு அந்தப் பயம் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வேறு எதையாவது, டயரையோ எஞ்சின் சூட்டையோ பிடித்துக்கொள்ளும்.

இனி என்ன செய்யலாம்

முதலில் திரை. கிலோமீட்டரை மறைத்துச் சதவீதம் மட்டும் காட்டும் வசதி பல கார்களில் உண்டு. இல்லாவிட்டால் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக நானும் எலெக்ட்ரிக் கார்தான் ஓட்டுகிறேன். தெற்குக் கரையோரம் முதன்முதலாகத் தனியாகப் போன நாளில், மழையில், என் கண் அந்த எண்ணுக்கு எத்தனை தடவை போகிறது என்று எண்ணினேன். ஒரு நிமிடத்தில் பதினொரு தடவை. சாலையைப் பார்க்க வேண்டிய கண். வண்டியை ஓரம் கட்டி, கைப்பையில் கிடந்த கோயில் பிரசாதக் கவரைக் கிழித்து, எண்ணின்மேல் ஒட்டினேன். முதல் கால் மணி நேரம் கை அதை எடுக்கத் துடித்தது. அப்புறம் மழை மட்டும் தெரிந்தது.

எண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால், கிளம்புமுன் கணக்கு முடிந்திருக்க வேண்டும். பயணத்துக்கு முதல் நாள் இரவு நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் போடுங்கள். கணக்கை நீங்கள் போடுங்கள், அவர் சரிபார்க்கட்டும். 100 கி.மீ.க்கு 20 யூனிட். ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு ஆறு யூனிட். குளிருக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். எந்த நிறுத்தத்திலும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் சேர வேண்டும். இந்த நான்கு எண்கள் போதும். இதன்படி பார்த்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹாரிஸ்மித் வரை ஒரே மூச்சில் வருவது உங்கள் காருக்குச் சரிப்படாது. ஹோவிக்குக்கும் எஸ்ட்கோர்ட்டுக்கும் இடையில் எங்காவது ஒரு நிறுத்தம் வேண்டும். எஸ்ட்கோர்ட்டிலிருந்து ஹாரிஸ்மித் சுமார் 110 கி.மீ.; ஏற்றத்தோடு சேர்த்து 25 யூனிட், குளிர் என்றால் 28. அதாவது எஸ்ட்கோர்ட்டில் 70 சதவீதம் இருந்தால் நிம்மதியாக ஏறலாம். 50 கிலோவாட் சார்ஜரில் 20 நிமிடம் நின்றால் 15 யூனிட் போல ஏறிவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம்.

‘ஆப்பில் காட்டுகிறது, சார்ஜர் இருக்கும்’ என்று உங்கள் கணவர் நம்பினார். வரைபடத்தில் சார்ஜர் இருப்பதும் அது வேலை செய்வதும் வேறு. கடைசியாக யார், எப்போது அங்கே வெற்றிகரமாக ஏற்றினார்கள் என்று பாருங்கள். ஒரே ஒரு சார்ஜர் இருக்கும் இடத்தை நம்பி 10 சதவீதத்தோடு போகக் கூடாது. ஈஸ்டர் வார இறுதியில் இது இன்னும் முக்கியம். டர்பனை அடுத்த இசிப்பிங்கோவில் மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்கள், கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதே சாலையில்தான். அந்த நாட்களில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இருட்டுமுன் மலையைத் தாண்டுகிற மாதிரிக் கிளம்புங்கள். இருட்டும் லாரியும் குறைந்த சார்ஜும் சேர்ந்தேதான் அன்று உங்களை அடித்தன. அதில் இரண்டை நேரம் மாற்றினாலே தவிர்க்கலாம்.

நிஜமாகவே நின்றுவிட்டால்? இதையும் கண்ணால் பார்த்துவிடுவோம், இருட்டில் விட்டுவைத்தால் பெரிதாகிவிடும். எலெக்ட்ரிக் கார் சட்டென்று செத்துப்போகாது. 20-இல் சொல்லும், 10-இல் சொல்லும், கடைசியில் வேகத்தைத் தானாகவே குறைக்கும். ஓரம் கட்ட, ஒரு டோல் கேட்டையோ பெட்ரோல் பங்கையோ பிடிக்க நேரம் கிடைக்கும். சீடாராவிலிருந்து ஹைடல்பர்க் வரை என்-3-ஐ நிர்வகிக்கும் டோல் நிறுவனத்துக்கு ரோந்து வண்டிகளும் 24 மணி நேர இலவசத் தொலைபேசியும் உண்டு. அந்த எண்ணை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் சாலை உதவி இருக்கிறதா, சார்ஜ் தீர்ந்தாலும் வருவார்களா, காரை முழுதாகத் தூக்கி வைக்கும் பிளாட்பெட் லாரி அனுப்புவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எலெக்ட்ரிக் காரைச் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுத்தால் மோட்டார் கெடும். பனியில் மாட்டிக்கொண்டால் எலெக்ட்ரிக் காரில் விறைத்துப்போவோம் என்றும் பலர் பயப்படுகிறார்கள். நின்ற காரில் ஹீட்டர் மணிக்கு ஒன்று அல்லது இரண்டு யூனிட்தான் தின்னும். பேட்டரி பாதி இருந்தாலே ஒரு இரவு தாங்கும். சீட் ஹீட்டர் மட்டும் என்றால் இன்னும் நீளும். அதனால்தான் அந்த 20 சதவீதத்தைக் கைவைக்காத சேமிப்பாக வைக்கச் சொல்கிறேன்.

இவ்வளவும் கார். இனி நீங்கள். அன்று ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது. அவருக்கு மிதிக்க, விட, நிதானிக்க வழி இருந்தது. உங்களுக்கு இருந்தது அந்த எண் மட்டும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குப் பயம் கூடுதலாக இருப்பது இதனால்தான். ஆகவே இந்தப் பயிற்சியில் ஓட்டப்போவது நீங்கள். வாரத்துக்கு ஒரு படி போதும். ஒரு படி சலித்துப்போகும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முதல் வாரம், 60 சதவீதத்தோடு மராபஸ்டாட் கோயிலுக்குப் போய்வாருங்கள், வழியில் சார்ஜ் போடாமல்.

இரண்டாவது வாரம், உங்கள் பகுதியில் உள்ள ஒரு பொதுச் சார்ஜருக்குத் தனியாகப் போங்கள். கேபிளை எடுத்து, கார்டைத் தட்டி, மின்சாரம் ஏறத் தொடங்குவதைப் பார்த்து, நீங்களே நிறுத்திக் கழற்றுங்கள். ‘சார்ஜ் போடுவதெல்லாம் அவர்தான்’ என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். அந்தக் கனமான பிளக்கைக் கையில் பிடித்து, அது ‘டக்’ என்று உள்ளே பூட்டிக்கொள்ளும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். நான்கைந்து தடவை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

மூன்றாவது படி கொஞ்சம் கடினம். ஊருக்குள்ளேயே, பகல் நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே 15 சதவீதம் வரை ஓட்டுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். சார்ஜ் போட ஓடாமல் கால் மணி நேரம் இன்னும் ஓட்டுங்கள். குறைந்த எண்ணும் ஆபத்தும் ஒன்றில்லை என்பதை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்ளும். நான் இங்கே எத்தனை பக்கம் எழுதினாலும் அது போய்ச் சேராது.

அப்புறம் ஹைடல்பர்க், வில்லியர்ஸ், ஹாரிஸ்மித். ஹாரிஸ்மித்தில் அதே இடத்துக்குப் போய், பகல் வெளிச்சத்தில், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ‘பைத்தியமா’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள் ஐயா. அன்று அவர் சொன்னதில், அங்கே நிறுத்தக் கூடாது என்பது மிகச் சரி. அதே வாக்கியத்தைக் ‘ஏற்றம் முடிஞ்சது, இன்னும் 35 கிலோமீட்டர்தான், போய்ச் சேர்ந்திடுவோம்’ என்று சொல்லியிருக்கலாம். அவரும் பயந்திருந்தார் என்றே நினைக்கிறேன். பயந்த இருவர் ஒரு காருக்குள் கத்திக்கொண்டார்கள். அதைப் பற்றி ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஆறேழு வாரம் முயன்றும் காருக்குள் உட்காரவே முடியவில்லை, தூக்கம் கெடுகிறது, வேறு இடங்களிலும் இந்தத் தாக்கு வருகிறது என்றால் நேரில் ஒரு உளவியலாளரைப் பாருங்கள். படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளும் இந்தச் சிகிச்சைக்குப் பயன் அதிகம். பலருக்குப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளுக்குள் நல்ல மாற்றம் தெரியும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற அமைப்பான சாடாக்கின் இலவசத் தொலைபேசியில் கேட்டால் உங்கள் பகுதியில் இருப்பவர்களைச் சொல்வார்கள். இரவிலும் எடுப்பார்கள்.

மகளுக்கு இன்று ஒரு போன் போடுங்கள். எந்த வாரம் வரப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், இரண்டு மாதம் கழித்து என்றாலும் சரி. அன்று கிளம்பும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி. இடையில் சதவீதம் எதையும் அவளுக்கு அனுப்ப வேண்டாம்.